மனநலச் சிகிச்சை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரியா? கேள்வி பதில்

பதினோரு வருடமாக வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆலோசனை கொடுக்கிறேன். நேற்று வந்த கேள்விகளில் நான்கு.

ஆம்பூர் அம்மா: மகளுக்கு 16 வயது. டாக்டரிடம் தமிழில் 'ஒண்ணுமில்லை' என்கிறாள், வீட்டுக்கு வந்து உருதுவில் அழுகிறாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே வருமே?

தமிழில் பரீட்சை எழுதுவது வேறு, பயத்தைச் சொல்வது வேறு அம்மா. உங்கள் ஊர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகள் என்னிடம் 'கப்ராஹட்' என்பார்கள். அதை 'பதற்றம்' என்று எழுதிக்கொண்டால் பாதி விட்டுப்போகும், நெஞ்சு அடித்துக்கொள்வது, ஒரு இடத்தில் உட்கார முடியாதது எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. உருது தெரிந்த ஆலோசகராகத் தேடுங்கள். மொழிபெயர்க்க நீங்கள் மட்டும் உட்காராதீர்கள், அம்மா எதிரில் எந்தப் பெண் வாய் திறப்பாள்? அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம்.

காட்பாடி, உளவியல் மாணவி: சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) பாடத்தில் எல்லாமே வெளிநாட்டு உதாரணம். எவ்வளவு மாற்றலாம் மேடம்?

1995-ல் உளவியலாளர் பெர்னால் குழுவினர் லத்தீன் அமெரிக்கப் பின்னணி மக்களுக்கு ஏற்றபடி சிகிச்சையை மாற்ற ஒரு சட்டகம் போட்டார்கள். மொழி, ஆட்கள், உவமை, இலக்கு, சூழல் முதலான எட்டு விஷயம் அதில் வரும், படித்துவிடு. என் அனுபவம் இது: ஒரு டேனரித் தொழிலாளியின் மகளிடம் 'எண்ணங்களை டைரியில் எழுது' என்றேன். ஒற்றை அறை வீடு, அண்ணன் எடுத்துப் படித்துவிட்டான். அப்புறம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு எண் மட்டும், பயம் பத்துக்கு எத்தனை என்று. யாருக்கும் புரியாது. உதாரணம், டைரி எதை வேண்டுமானாலும் மாற்று. பயப்படுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்வதை மட்டும் எடுத்துவிடாதே, பயத்துக்குச் சிகிச்சையே அதுதான்.

குடியாத்தம் அப்பா: பையனுக்குக் காத்துக்கருப்பு என்கிறார்கள். மந்திரிக்கலாமா?

தாயத்து கட்டுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடி, பட்டினி, சங்கிலி என்றால் அன்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் செத்தது கட்டிப்போட்டிருந்ததால்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சங்கிலி போடுவதே குற்றம்.

வேலூர், 19 வயது: அப்பாவை அழைத்து வா என்கிறார் டாக்டர். நான் மேஜர் இல்லையா?

மேஜர்தான் தம்பி, முதல் பாதி தனியாகப் பேச வேண்டும் என்று தைரியமாகக் கேள். ஆனால் குடும்பத்தை உள்ளே விடுவது நம்ம ஊரில் புதிதல்ல, வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் பல பத்தாண்டுகளாக நோயாளியோடு வீட்டாரும் தங்குகிறார்கள். ஆரம்பத்தில் நானும் புத்தகம் சொன்னபடி ஒரு பையனிடம் 'இந்தக் கோர்ஸ் வேண்டாம் என்று அப்பா முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு' என்றேன். சொன்னான், அறை வாங்கினான். தப்பு என் மேல்தான். அடுத்த வாரம் தாய்மாமனை வரவழைத்தோம், அதே விஷயத்தை அவர் டீக்கடையில் வைத்து மச்சானிடம் சொன்னார், பையன் விருப்பப்பட்ட கோர்ஸுக்கு மாறிவிட்டான். உன் வீட்டில் அப்பா யார் பேச்சைக் கேட்பார்? அவரையும் அழைத்து வரலாமா என்று டாக்டரிடம் கேட்டுப்பார்.