டிஆர்என்ஏ உருவான பிறகு அதை நொதிகள் ஏன் மாற்றுகின்றன?

டிஆர்என்ஏ (புரதம் கட்டப்படும் இடத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் சிறு மூலக்கூறு) மரபணுவில் உள்ளபடிதானே உருவாகிறது, அப்புறம் எதற்கு அதை மாற்றத் தனி நொதிகள் என்று கேட்டிருக்கிறீர்கள். மரபணுவில் உள்ளபடியே விட்டால் சில டிஆர்என்ஏக்கள் தவறான அமினோ அமிலத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஈ. கோலை பாக்டீரியாவையே பாருங்கள். அதில் ஐசோலூசினுக்கான டிஆர்என்ஏ ஒன்றின் ஆன்டிகோடான் (மரபுச் செய்தியில் உள்ள கோடான் என்ற மூன்றெழுத்துக் குறியோடு இணையும் மூன்றெழுத்துப் பகுதி) சிஏயு. மெத்தியோனினுக்கும் அதேதான்! அப்படியே விட்டால், மெத்தியோனினை ஏற்றும் நொதி ஏமாந்து இதிலும் மெத்தியோனினை ஏற்றிவிடும். இங்கேதான் டில்எஸ் என்ற நொதி வருகிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, 34ஆம் இடத்திலுள்ள, அதாவது ஆன்டிகோடானின் முதல் எழுத்தான சைட்டோசினில் லைசின் என்ற முழு அமினோ அமிலத்தையே ஒட்டிவிடுகிறது. இப்படி உருவாகும் லைசிடின், குவானினை விட்டுவிட்டு அடினினோடு சேரும். அதனால் இந்த டிஆர்என்ஏ ஏயுஜி கோடானை விட்டு ஏயுஏ கோடானைப் படிக்கிறது. ஐசோலூசினை ஏற்றும் நொதியும் இப்போதுதான் அதை அடையாளம் காண்கிறது. ஒரே மாற்றத்தில் இரண்டு வேலை முடிவது எனக்கு இன்றும் வியப்புதான். டில்எஸ் இல்லாமல் ஈ. கோலை பிழைக்காது.

எல்லா மாற்றமும் இவ்வளவு பெரியதல்ல. பல நொதிகள் ஒரு மெத்தில் குழுவைச் சேர்ப்பதோடு சரி; டிஆர்என்ஏவின் மடிப்பு உறுதியாக அது உதவும்.

டாட்ஏ என்ற நொதியையும் சொல்லியாக வேண்டும். இது ஆன்டிகோடானில் உள்ள அடினினை இனோசின் என்ற வேறோர் எழுத்தாக்கும்; இனோசின் யு, சி, ஏ மூன்றோடும் சேரும். வேதியியலாளர் டேவிட் லியுவின் குழு இதே நொதியை டிஎன்ஏவில் வேலை செய்யும்படி ஆய்வகத்தில் பரிணமிக்க வைத்து, 2017இல் டிஎன்ஏவின் ஓர் எழுத்தை மாற்றும் கருவியான அடினின் பேஸ் எடிட்டரை உருவாக்கியது.