ஐந்து ஊர், ஐந்து ஓட்டு, ஒரு எம்.பி.

கேள்வி: மெட்ராஸ் கவர்னராக இருந்த சர் ஆர்ச்சிபால்ட் கேம்பல், ஸ்காட்லாந்தில் கூரஸ் என்ற குட்டி ஊருக்கு எம்.பி.யாகவும் இருந்தாராமே? அவ்வளவு சின்ன ஊருக்குத் தனி எம்.பி.யா?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: தனி எம்.பி. இல்லை, ஐந்தில் ஒரு பங்கு!

1707-க்கு முன்பு ஸ்காட்லாந்துக்கென்று தனிப் பார்லிமென்ட் இருந்தது. ராஜ பட்டயம் பெற்ற நகரத்துக்கு அதில் ஓர் இடம் உண்டு. கூரஸ் 1592-ல் பட்டயம் வாங்கியது. கடலுக்கடியில் சுரங்கம் தோண்டிக் கரி எடுத்து, அந்தக் கரியை எரித்தே உப்புக் காய்ச்சி விற்ற ஊர். அன்றைக்குக் காசு புழங்கியது.

இங்கிலாந்தோடு இணைந்ததும் லண்டனில் ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தது 45 இடம். அதில் நகரங்களுக்கு 15. எடின்பரோ ஒன்றைத் தனக்கென வைத்துக்கொள்ள, மற்ற நகரங்களை 14 தொகுதிகளாகச் சேர்த்துக் கட்டினார்கள். ஸ்டர்லிங், டன்ஃபெர்ம்லின், இன்வர்கீத்திங், குவீன்ஸ்ஃபெரி, கூரஸ் ஐந்தும் ஒரே தொகுதி.

தேர்தல்தான் வேடிக்கை. ஜனங்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஒவ்வொரு நகர மன்றமும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். ஐவரில் மூவர் ஒரு பக்கம் சேர்ந்தால் எம்.பி. ரெடி. நகர மன்றத்தையாவது மக்கள் தேர்ந்தெடுத்தார்களா? அதுவும் இல்லை. 1469-ம் வருஷச் சட்டப்படி, பதவி முடிகிறவர்களே அடுத்து வருபவர்களைப் பொறுக்கிக்கொள்வார்கள். ஆக, பெரிய டன்ஃபெர்ம்லினுக்கும் ஒரு ஓட்டு, துக்கடா கூரஸுக்கும் ஒரு ஓட்டு. வேட்பாளர்கள் கூரஸ்காரர்களை எப்படிக் ‘கவனித்திருப்பார்கள்’ என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

கேம்பல் வங்காளத்தில் சம்பாதித்த பணத்தோடு ஊர் திரும்பி, 1774-ல் இந்தத் தொகுதியில் ஜெயித்தார். அமெரிக்க சுதந்திரப் போருக்காகப் படையோடு கப்பலேறி 1776 ஜூனில் பாஸ்டன் துறைமுகத்துக்குள் போனால், பிரிட்டிஷார் மூன்று மாதம் முன்பே ஊரைக் காலி செய்திருந்தார்கள். அந்தத் தகவல் இவருக்கு வந்து சேரவில்லை! அமெரிக்கர்கள் அமுக்கிச் சிறையில் தள்ளினார்கள். 1778-ல் ஈதன் ஆலன் என்ற அமெரிக்கரை விடுவித்துத்தான் இவரை மீட்க முடிந்தது. அதுவரை எம்.பி. சிறையில், பதவி பத்திரமாக லண்டனில். ‘எங்கள் எம்.பி. எங்கே?’ என்று கேட்கத்தான் தொகுதியில் வாக்காளர்களே இல்லையே!

1786 முதல் 1789 வரை மெட்ராஸ். திரும்பிப் போனதும் மறுபடி அதே தொகுதி, 1791-ல் சாகும் வரை.

1832 சீர்திருத்தச் சட்டம் ஓரளவு வசதியுள்ள வீட்டுக்காரர்களுக்கு நேரடி ஓட்டுக் கொடுத்தது. ஐந்து ஊர் ஓட்டையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினார்கள். கூரஸின் மவுசு அதோடு போயிற்று. பிறகு 1868 முதல் 40 வருஷம் அங்கே ஹென்றி கேம்பல்-பேனர்மேன்தான் எம்.பி.; 1905-ல் பிரதமரும் ஆனார். 1918-ல் தொகுதியையே கலைத்துவிட்டார்கள்.