மலைப் புல்தரையில் விமானம் இறங்கலாமா? கேள்வி பதில்

பப்புவா நியூ கினியில் பல மலைக் கிராமங்களுக்குச் சாலை கிடையாது. புல் ஓடுதளம்தான் வாசல். அவற்றை மதிப்பிடுவது பற்றி வந்த கேள்விகள்.

தினேஷ்: சார், ஓடுதளம் 450 மீட்டர். டேக்-ஆஃப் செய்ய 400 போதும் என்கிறது விமானக் கையேடு. போகலாம்தானே?

கூடாது. அந்த 400, காய்ந்த கெட்டித் தரையில் புது விமானத்துக்கு எடுத்த அளவு. பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்குத் தரும் பெருக்கெண்களைப் பாருங்கள்: ஈரப்புல்லுக்கு 1.3, 2 சதவீத ஏற்றத்துக்கு 1.1, பாதுகாப்புக்கு 1.33. மூன்றும் உங்கள் தளத்துக்குப் பொருந்தினால், 400-ஐ இவற்றால் பெருக்க 761 மீட்டர். பலர் 30, 10, 33 என்று சதவீதங்களைக் கூட்டிவிட்டு 692 போதும் என்கிறார்கள். குறைகிற 69 மீட்டர் ஓடுதளத்தின் கடைசியில், மரங்களுக்கு முன்னால் இருக்க வேண்டியது.

மீனா: உயரம் எவ்வளவு பாதிக்கும்?

6,000 அடியில் இயல்பு என்று விமானக் கணக்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம் 3 டிகிரி. அங்கே 22 டிகிரி அடித்தால் 19 கூடுதல். சூட்டில் காற்று மெலியும். டிகிரிக்கு 120 அடி வீதம் சேர்த்தால், இன்ஜினுக்கும் இறக்கைக்கும் அது சுமார் 8,300 அடி. வேகமானி வழக்கமான எண்ணையே காட்டும், ஆனால் சக்கரம் தரையைத் தொடும் வேகம் 13 சதவீதம் கூடியிருக்கும். நிற்கும் தூரம் கால்வாசிக்கும் மேல் நீளும்.

ஃபைசல்: அண்ணே, ஒருவழி ஓடுதளம் என்றால்?

மேடு நோக்கி இறங்கி, பள்ளம் நோக்கிக் கிளம்புவது. மேல்முனையில் மலைச்சுவர் நிற்கும். ஒரு புள்ளியைத் தாண்டினால் திரும்பி எழ முடியாது. அது எந்தப் பாறை, எந்தக் கூரை என்று முன்பே குறித்து வையுங்கள். அதற்குள் வேகமும் பாதையும் சரியாக இல்லையென்றால் விலகிவிட வேண்டும். இன்னொரு ஆபத்து கண்ணில் இருக்கிறது. மேட்டு ஓடுதளம் 'ரொம்ப உயரத்தில் வருகிறோம்' என்று ஏமாற்றும். விமானி தாழ்த்துவார், சக்கரம் முனைக்கு முன்னாலேயே மோதும். சராசரிச் சரிவை மட்டும் நம்பாமல் 50 மீட்டருக்கு ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

கயல்: மண்ணின் பலத்தை எப்படிப் பார்ப்பது?

முழு நீளமும் நடக்க வேண்டும், நடுவிலும் இரு சக்கரத் தடங்களிலும். குதிகாலை அழுத்தினால் பள்ளம் விழுகிற இடத்தில் கொடி நடுங்கள். சரியான கருவி கூம்பு ஊடுருவுமானி, சுத்தியலை விழவிட்டுக் கூம்பை மண்ணில் இறக்குவது: 8 கிலோ சுத்தியல், 575 மில்லிமீட்டர் வீழ்ச்சி. சுத்தியலின் ஓர் அடிக்கு 20 மில்லிமீட்டர் இறங்கினால் மண்ணின் சிபிஆர், அதாவது எடை தாங்கும் பலத்தின் அளவு, சுமார் 10. 50 இறங்கினால் 4-கூடத் தேறாது. முதலில் கெடுவது சக்கரம் தொடும் இடம், அடுத்து வடிகால் அடைத்து நீர் குறுக்கே ஓடும் இடம். மேலே புல் காய்ந்திருந்தாலும் அடியில் களிமண் ஊறிக் கிடக்கும். புல்லின் உயரம் சக்கர விட்டத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஜோசப்: எந்த நேரம் நல்லது?

காலை. மதியத்துக்கு மேல் மேகம் பள்ளத்தாக்கை அடைக்கும், காற்றும் சுழலும். கிளம்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்று வந்தாலே டேக்-ஆஃப் தூரம் 20 சதவீதம் கூடும்.

சுதா: கிராமத்திலிருந்து ரேடியோவில் 'தளம் நல்லா இருக்கு' என்றால் போதுமா?

கடைசி மழை எப்போது, புல் எத்தனை விரற்கடை, பன்றிகளைக் கட்டியாச்சா, புது வேலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொல்பவர் இன்று காலை முழு நீளமும் நடந்து பார்க்கவில்லை என்றால், நடந்துவிட்டு வந்து மறுபடி பேசச் சொல்லுங்கள்.