ஓடி விளையாடிய பிள்ளை திடீரென்று கையைத் தொங்கப் போட்டால்?

கேள்வி: பாம்பனில் என் வீட்டிலேயே ஏழு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார்களில் சிலர் பாசி எடுக்கப் போகிறவர்கள், சிலர் நண்டு கம்பெனியில் வேலை. போன வாரம் ஒன்றே முக்கால் வயதுப் பையன் ஒருவன் காலை பதினோரு மணிக்குத் திடீரென்று வீறிட்டு அழுதான். இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தொட்டாலே கத்தினான். வீக்கம் இல்லை, காயம் இல்லை. பக்கத்து வீட்டு அப்பத்தா 'உரம் விழுந்திருக்கு, சேலையில போட்டு உருட்டணும்' என்றார். நான் சம்மதிக்கவில்லை. அம்மா கடலில் இருந்ததால் போன் எடுக்கவில்லை. மாலையில் அவர் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், டாக்டர் கையைத் திருப்பி மடக்கினாராம், உடனே சரியாகிவிட்டதாம். இப்போது அந்த அம்மா, 'யாரோ புள்ள கையப் பிடிச்சு இழுத்திருக்கீங்க' என்று சந்தேகப்படுகிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? காரணமே தெரியாமல் பிள்ளை வலியில் துடித்தால் இனி என்ன செய்வது? (ஒரு வாசகி, பாம்பன்)

பதில்: சகோதரி, சேலையில் உருட்ட விடாமல் தடுத்தீர்களே, அது மிகச் சரி. முதலில் அந்தப் பையனின் கையைப் பார்ப்போம்.

டாக்டர் திருப்பி மடக்கியதும் சரியாகிவிட்டது என்றால், அது பெரும்பாலும் முழங்கைப் பிசகுதான். முன்கையில் உள்ள இரண்டு எலும்புகளில் ஒன்றின் தலையை, முழங்கை அருகே ஒரு நார் மோதிரம் போலச் சுற்றிப் பிடித்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கு இந்த நார் தளர்வாக இருப்பதால், கை நீட்டியபடி இருக்கும்போது ஒரு இழுப்பு விழுந்தால் எலும்பின் தலைமீது நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். ஒன்று முதல் நான்கு வயது வரைதான் இது அதிகம், ஐந்து வயதுக்கு மேல் அபூர்வம். பிள்ளை கையை லேசாக மடக்கி, உடம்போடு ஒட்டி, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துக்கொள்ளும். வீக்கம் இருக்காது. அசைக்காமல் விட்டால் அழுகைகூட நின்றுவிடும். ஆனால் அந்தக் கையால் எதையும் எடுக்காது.

இதற்கு முரட்டுத்தனம் தேவையில்லை. கையைப் பிடித்து வாசற்படி ஏற்றுவது, சட்டைக் கையை மாட்ட இழுப்பது, இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி ஊஞ்சல் ஆட்டுவது எதிலும் நடக்கலாம். நாம் கையைப் பிடித்திருக்கும்போது பிள்ளை அடம்பிடித்துத் தரையில் விழுந்தாலும் நடக்கும். பக்கத்தில் இருந்த நான்கு வயதுப் பிள்ளை இழுத்திருக்கலாம். ஆகவே இழுபட்டிருக்கும் என்று அந்தத் தாய் சொல்வது சரி, யாரோ வன்முறை செய்தார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டையும் அவரிடம் நேராகச் சொல்லுங்கள். அன்று காலை பத்தரை முதல் பதினொன்று வரை யார் எங்கே இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதை வீட்டிலேயே சரி செய்யப் பழகிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். விழுந்ததை நீங்கள் பார்க்காமல் இருந்திருந்தால், முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த பிள்ளையும் முதல் ஒரு மணி நேரத்துக்கு இதே மாதிரிதான் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைத் திருப்பினால் நரம்பும் ரத்தக்குழாயும் சேதமாகும். உரம் எடுப்பதன் ஆபத்தும் இதுவே. முறிந்த எலும்போடு பிள்ளையைச் சேலையில் உருட்டினால் முறிவு விலகும். அதேபோல் குடல் தட்டுவதும் தொக்கம் எடுப்பதும் பெரியவர்கள் அன்பினால் சொல்வதுதான். ஆனால் அவை தின்றுவிடும் இரண்டு மணி நேரத்தைத் திரும்பப் பெற முடியாமல் போகும் நோய்கள் உண்டு. கீழே சொல்கிறோம்.

காரணம் தெரியாத வலியில், 'எங்கே வலிக்குது' என்று பிள்ளையைக் கேட்பதில் பயன் குறைவு. ஒன்றரை வயதுப் பிள்ளை காது வலித்தாலும் வயிற்றைக் காட்டும். பிள்ளை எதைச் செய்வதை நிறுத்திவிட்டது என்று பாருங்கள். கையை நீட்டுவதையா, காலை ஊன்றுவதையா, விழுங்குவதையா, ஒரு கண்ணைத் திறப்பதையா? டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அதுதான்.

அதற்கு முன்னால் மூச்சைப் பாருங்கள். மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்தல், கூப்பிட்டால் கண் திறக்காத சோர்வு இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம், 108.

மூச்சு சரியாக இருந்தால், பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து எல்லாத் துணியையும் கழற்றுங்கள். ஜட்டி, டயபர், சாக்ஸ் எதையும் விடாதீர்கள். கட்டெறும்பும் தேளும் துணிக்குள்ளேதான் இருக்கும், உதறிப் பாருங்கள். தலையிலிருந்து இறங்கி வாருங்கள். புதிதாகக் குத்திய காதில் தோட்டின் திருகு சதைக்குள் அழுந்தியிருக்கலாம். அரைஞாண் கயிறும் கொலுசும் இறுகியிருக்கலாம். விரல்களையும் கால் விரல் இடுக்குகளையும் ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். தலைமுடி ஒன்று விரலைச் சுற்றி இறுகினாலே விரல் சிவந்து வீங்கி, விட்டால் கறுத்துவிடும். வலை முடையும் வீடுகளில் தங்கூசி (மெல்லிய நைலான் இழை) நரம்புத் துண்டும் அதே வேலையைச் செய்யும், கண்ணுக்கும் தெரியாது. ஆண் குழந்தையின் குறியிலும் முடி சுற்றும். நுனி எட்டினால் வெட்டி எடுக்கலாம். சதைக்குள் புதைந்திருந்தால் நோண்டாமல் உடனே ஆஸ்பத்திரி. தொடை இடுக்கில் கெட்டியான புடைப்பு, அதோடு வாந்தி என்றால் குடலிறக்கம் சிக்கியிருக்கலாம். ஒரு பக்க விதைப்பை வீங்கிச் சிவந்திருந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் விதையே கெட்டுவிடும். இரண்டுக்கும் மாலை வரை காத்திருக்கக் கூடாது.

உள்ளங்காலைத் தனியாகப் பாருங்கள். நம் பக்கம் சீமைக் கருவேல முள்ளும் உடை முள்ளும் குத்தாத பிள்ளை இல்லை. டார்ச்சை நேராக அடிக்காமல் பாதத்தின் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால் முள் குத்திய இடம் நிழலாகத் தெரியும். நுனி வெளியே தெரிந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, சாமணத்தால் குத்திய கோணத்திலேயே வெளியே இழுத்து எடுங்கள். உள்ளே ஒடிந்திருந்தால் ஊக்கால் கிளறுவதும் எருக்கம்பால் வைப்பதும் புண்ணைத்தான் பெருக்கும். மூட்டுக்கு அருகே ஒடிந்த முள் பல நாள் கழித்தும் மூட்டை வீங்கவைக்கும், டாக்டரிடம் முள் குத்திய தேதியைச் சொல்ல வேண்டும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய முத்தடுப்பூசி ஊக்க ஊசி பல பிள்ளைகளுக்கு விட்டுப்போயிருக்கும்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் பிள்ளையைத் தரையில் விட்டு, நாலடி தள்ளி ஒரு சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தவழ்ந்து வருகிறது, ஆனால் நிற்க மறுக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. ஓடும்போது கால் முறுக்கி விழுந்தாலே இந்த வயதில் கீழ்க்கால் எலும்பில் மயிரிழை முறிவு வரும், வீக்கம்கூட இருக்காது. முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதும் உண்டு. நடை சரியாகவில்லை என்றால் பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். தவழவும் மறுத்து, டயபர் மாற்றத் தொடையைத் தூக்கினாலே அலறினால் இடுப்பு மூட்டை நினைக்க வேண்டும். அதோடு காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் இல்லை.

அழுகை விட்டுவிட்டு வந்தால் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். இரண்டு மூன்று நிமிடம் முழங்காலை வயிற்றோடு மடக்கி வெளிறிப்போய் அலறுவது, பிறகு அடங்குவது, 15-20 நிமிடத்தில் மறுபடி அலறுவது: இப்படி வந்தால், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். இரண்டு வயதுக்குள்தான் இது அதிகம். இடையில் பிள்ளை அமைதியாகத் தூங்குவதைப் பார்த்து 'சரியாப்போச்சு' என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. ரத்தமும் சளியும் கலந்த மலம் பிந்தித்தான் வரும், அதற்காகக் காத்திருக்காதீர்கள். சீக்கிரம் போனால் ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள், தாமதித்தால் ஆபரேஷன். இந்தப் பிள்ளையின் வயிற்றில் எண்ணெய் தடவிக் குடல் தட்டினால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். பச்சை நிற வாந்தியும் இதே அவசரம்தான். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காமல் கொண்டுபோங்கள்.

எச்சில் வடிய, விழுங்க மறுத்தால் மீன்முள்ளாகவும் இருக்கலாம், ரிமோட்டிலோ விளக்கு எரியும் பொம்மையிலோ இருந்து கழன்ற பொத்தான் பேட்டரியாகவும் இருக்கலாம். சோற்று உருண்டையை விழுங்கவைப்பதோ தொக்கம் எடுப்பதோ கூடாது. பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். பேட்டரிதான் என்று சந்தேகம் வந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல் இருந்து, பிள்ளைக்கு ஒரு வயது தாண்டி, விழுங்கவும் முடிந்தால் மட்டும், ஆஸ்பத்திரி போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சாலையில் சுமார் 45 கி.மீ. என்பதால் இது உங்களுக்கு உதவும். தேன் எடுக்கக் கடைக்குப் போய்ப் புறப்பாட்டைத் தாமதிக்க வேண்டாம்.

நம் கரைக்கே உரிய சில. பனை ஓலை, விறகு, செங்கல் அடுக்கு உள்ள வீட்டில் திடீர் அலறலோடு வியர்வை, எச்சில், வாந்தி, சில்லிட்ட கை கால் வந்தால், கொட்டிய தடம் தெரியாவிட்டாலும் செந்தேள் என்றே நினைத்துக் கிளம்புங்கள். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். இரவில் தரையில் படுத்த பிள்ளை காலையில் வரும்போதே வயிற்று வலியும் வாந்தியுமாக, இமை தொங்கி இருந்தால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். அதன் கடி வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. இதையும் வயிற்று வலி என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. ஈர வலையில் ஒட்டிய சொறி (ஜெல்லி மீன்) பட்டுத் தடித்தால் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீரும் மணலும் வேண்டாம். கெளுத்தி, ஓரா, திருக்கை முள் குத்தினால் வெந்நீரில் அரை மணி நேரம் முக்கி வைப்பது வலியைக் குறைக்கும். ஆனால் வெந்நீரை உங்கள் முழங்கையில் விட்டுப் பார்த்து, தாராளமாகப் பொறுக்கிற சூடாக இருக்க வேண்டும். வலியில் இருக்கும் பிள்ளைக்குச் சுடுவதும் தெரியாது. பிறகு டாக்டரிடம் காட்டுங்கள்.

கண்ணில் மணல் விழுந்தால் சுத்தமான தண்ணீர் மட்டும், தாய்ப்பால் விட வேண்டாம். சளிக்குப் பிறகு, படுக்கவைத்தால் அழுகை கூடினால் காது. எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாமா? தாயின் எழுத்து அனுமதி இருந்தால் கொடுக்கலாம். அளவு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து: கிலோவுக்கு 15 மி.கி. 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. பாட்டில்தான் இங்கே ஆளை ஏமாற்றும். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி., 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளது என்றால் சுமார் 6 மி.லி., 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் ஒன்றரை மி.லி. மட்டுமே. டிராப்ஸை சிரப் அளவில் ஊற்றுவதுதான் வீடுகளில் நடக்கும் விபத்து. ஊசி போடாத சிரிஞ்சால் அளந்து, இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் விட்டு, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் போகாமல் கொடுங்கள். காலையில் வீட்டில் மருந்து கொடுத்தார்களா என்பதைத் தாய் பிள்ளையை விடும்போதே கேட்டுவிட வேண்டும். ஆஸ்பிரின், நிமிசுலைடு, பெரியவர் மாத்திரையின் பாதி எதுவும் வேண்டாம்.

தாய் தண்ணீரில் இருக்கும் நேரத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாளில், 'அவசரத்தில் என்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், பாராசிட்டமால் கொடுக்கவும் சம்மதிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கரையில் இருக்கும் இரண்டு பேரின் போன் நம்பர், பிள்ளையின் எடை, ஒவ்வாமை, காப்பீட்டு அட்டை நகல் எல்லாம் அதோடு இருக்கட்டும். நீங்கள் 108-இல் ஏறினால் மற்ற ஆறு பேரையும் யார் பார்ப்பது என்பதையும் முடிவு செய்து, அந்த ஆளிடம் பேசி வையுங்கள்.

காலையில் வாசலிலேயே பிள்ளையின் கை கால், முகத்தைப் பார்த்து, இருக்கும் காயத்தைத் தாயின் முன்னால் நோட்டில் எழுதுங்கள். முழங்கால், கீழ்க்காலின் முன்பக்கம், நெற்றியில் கன்றிப்போவது நடக்கப் பழகும் பிள்ளைக்கு இயல்பு. காது, கழுத்து, வயிறு, முதுகு, உள்தொடையில் கன்றியிருந்தால் கேட்க வேண்டும். பதில் ஒட்டவில்லை என்றால் சண்டை போடாமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பாலியல் வன்முறை என்று சந்தேகம் வந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது உங்கள் கடமை. அந்த நோட்டு உங்களுக்கும் பாதுகாப்பு. மணி, என்ன செய்துகொண்டிருந்தான், எதை நிறுத்தினான், நீங்கள் என்ன செய்தீர்கள், யாருக்குப் போன் போட்டீர்கள் என்று நாலு வரி போதும். யூகம் எழுத வேண்டாம்.

அந்தப் பையன் மறுபடி வரலாம், கையைத் தாராளமாக ஆட்டட்டும், கட்டுப்போடத் தேவையில்லை. ஆனால் ஒருமுறை நழுவிய முழங்கை சில மாதங்களுக்குள் மறுபடியும் நழுவக்கூடும். உங்கள் வீட்டிலும் அவன் வீட்டிலும் எல்லாரும் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும், சட்டையை முதலில் அந்தக் கைக்கு மாட்டி, கழற்றும்போது கடைசியாக அந்தக் கையிலிருந்து எடுக்க வேண்டும். மறுபடி தொங்கப் போட்டால் கையை அப்படியே மார்போடு சேர்த்து ஒரு துண்டால் தொட்டில் கட்டி, மாலைக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு வீண் வலி.