கைபேசி இருக்கும்போது நீண்ட ஜூம் கேமரா வாங்குவது வீண்செலவா?

பறவைகளையும் நிலாவையும் படமெடுக்க ஆசை, பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லை, குறைந்த விலையில் கிடைக்கும் நீண்ட ஜூம் கேமரா ஒன்றை வாங்கலாமா, கைபேசியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குங்கள். ஆறு ஆண்டுகளாக அப்படி ஒரு கேமராவோடு கடலூரில் திரிகிறேன். அதை வாங்கியதற்காக இன்று எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் முதல் மூன்று மாதம் அதை விற்றுவிட வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதில்.

என்னுடையது கேனான் பவர்ஷாட் எஸ்.எக்ஸ். 50 எச்.எஸ். 2012இல் வெளிவந்தது. நான் வாங்கும்போதே பழையது. ஒருவர் பயன்படுத்தியதை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். 50 மடங்கு ஜூம். கேமராக்காரர்கள் வழக்கில் சொல்வதானால் 24 மில்லிமீட்டர் முதல் 1200 மில்லிமீட்டர் வரை; இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். ஐந்து மடங்கு ஜூம் உள்ள விலை உயர்ந்த கைபேசிகூட ஏறத்தாழ 120 மில்லிமீட்டரில் நின்றுவிடும். அதற்கு மேல் கைபேசியில் தெரிவதெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதுதான்.

இவ்வளவு நீளம் இவ்வளவு சிறிய உடம்புக்குள் எப்படி அடங்குகிறது? உள்ளே ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். தொழில்முறைக் கேமராக்களில் இருக்கும் 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரின் பரப்பில் இது முப்பதில் ஒரு பங்கு. சென்சார் சிறியது என்பதால் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 215 மில்லிமீட்டர் இருந்தாலே 1200க்கு நிகரான காட்சி கிடைத்துவிடுகிறது. அந்தப் பெரிய சென்சாருக்கென்று கேனான் நிறுவனமே முன்பு செய்து விற்ற 1200 மில்லிமீட்டர் லென்ஸின் எடை 16.5 கிலோ. என் கேமரா முழுவதுமாக 600 கிராமுக்குள்.

இந்தச் சலுகைக்கு விலை வெளிச்சம். சிறிய சென்சார் குறைவான ஒளியையே வாங்கும். போதாததற்கு, ஜூமை முழுவதும் நீட்டினால் லென்ஸின் திறப்பு எஃப் 6.5 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்). வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா ஐ.எஸ்.ஓ. எண்ணை, அதாவது ஒளியை உணரும் திறனை, ஏற்றும், படம் ரவை தூவியதுபோல் ஆகிவிடும். கல்யாண மண்டபத்துக்குள்ளும், இருட்டிய பிறகு தெருவிலும் உங்கள் கைபேசி இதைவிட நல்ல படம் எடுக்கும். வீட்டு விசேஷத்துக்காக வாங்குவதானால் வேண்டவே வேண்டாம்.

நான் செய்த முதல் தவறு நடுப்பகலில் தொலைவைத் துரத்தியது. நான் கடலூர்க் கடற்கரையில் உள்ள தேவனாம்பட்டினத்துக்காரன். சில்வர் பீச் மணலில் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்று, தூரத்துப் படகுகளை 50 மடங்கில் எடுத்தேன். ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை. படகின் விளிம்பெல்லாம் தண்ணீரில் கரைந்த மை போல நெளிந்திருந்தது. லென்ஸ் கெட்டுவிட்டது, ஏமாந்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். அதே இடத்தில், கார்த்திகை மாத மழை விட்ட ஒரு விடிகாலையில் எடுத்தபோதுதான் உண்மை புரிந்தது. படகின் பக்கப் பலகையில் எழுதியிருந்த எண்ணை எழுத்தெழுத்தாகப் படிக்க முடிந்தது. கெட்டிருந்தது லென்ஸ் அல்ல, இடையில் இருந்த காற்று. வெயிலில் சூடேறிய மணலிலிருந்து எழும் கானல், உப்பு ஈரம், தூசி இவை மூன்றையும் தாண்டித்தான் ஒளி நம்மிடம் வருகிறது. ஜூம் படகைப் பெரிதாக்கும்போது கானலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. இதற்கு எந்த விலையிலும் மருந்து கிடையாது. பத்து லட்ச ரூபாய் லென்ஸுக்கும் அதே கானல்தான். ஆகவே நம் கடற்கரையில் விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை எடுங்கள். மழை கழுவிவிட்ட காலை கிடைத்தால் தூக்கத்தைப் பார்க்காதீர்கள்.

கடலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. மணலில் நிற்கும் ஒருவருக்குத் தொடுவானம் வெறும் நாலரை கிலோமீட்டர் தூரம்தான். அதைத் தாண்டிப் போகும் படகின் அடிப்பாகம் கடலின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடும். பாய்மரமோ கொடிக்கம்போ மட்டும் நீருக்கு மேல் நிற்பதை ஜூமில் கண்ணாரப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் உலகம் உருண்டை என்பதற்குப் படம் போட்டுக் காட்டுவார்களே, அதை நான் நேரில் பார்த்தது இந்தக் கேமராவில்தான். பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கே அந்த 9,000 தகும்.

பறவைகளுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. ஒன்று பாகூர் ஏரி. மற்றொன்று புதுச்சேரிக்கு மேற்கே இருக்கும் ஊசுட்டேரி. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகு, மார்கழி, தை மாதங்களில் போங்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தைக்குத்தி நாரை, ஊசிவால் வாத்து என்று ஒரு காலைப் பொழுது போதாது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையில் இடம் பிடியுங்கள்.

முழு ஜூமில் 100 மீட்டர் தொலைவில் கேமரா பார்ப்பது சுமார் 3 மீட்டர் அகலத்தை மட்டும்தான். 50 மீட்டரில் நிற்கும் நீலத் தாழைக்கோழி படச் சட்டத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறைத்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பறவை இரண்டடி நகர்ந்தால் ஓரத்துக்குப் போய்விடும், நான்கடி நகர்ந்தால் காணாமலே போய்விடும். கோரைப் புல்லுக்கு நடுவே அதை மறுபடி தேடுவது பெரும்பாடு. என் கேமராவின் லென்ஸ் ஓரத்தில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் ஜூம் சட்டென்று பின்வாங்கிக் காட்சி விரியும். பறவையை நடுவில் வைத்து விரலை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும். நீங்கள் எந்த மாடலை வாங்கினாலும் இப்படி ஒரு பொத்தான் உண்டா என்று பாருங்கள். மெகாபிக்சல் எண்ணைவிட இதுதான் பயன்படும்.

பறக்கும் பறவையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இந்தக் கேமராக்களின் குவியம் மெதுவானது. உட்கார்ந்திருப்பவை, நீந்துபவை, மேய்பவை போதும். நான் இன்னும் அவற்றையே பார்த்து முடிக்கவில்லை.

கை நடுக்கம்தான் அடுத்த எதிரி. இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் தாங்கலாகக் கொடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள். ஏரிக்கரையில் பனைமரம் இல்லாமல் இருக்காது. அதில் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் மெல்ல அமுக்குங்கள். வெயில் ஏறத் தொடங்கிய காலையில் ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் வேகம் 1/200 நொடி என்றால் நடுக்கம் தணிக்கும் வசதியின் துணையோடு நல்ல படம் கிடைக்கும். முக்காலி இல்லாத நாளில் அரிசி நிரப்பிய சிறு துணிப்பை ஒன்றைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, அதன்மேல் கேமராவைப் பதித்து எடுக்கிறேன். திறப்பை எஃப் 8க்குக் குறைத்தால் கூர்மை கூடும் என்று பெரிய கேமராக்காரர்கள் சொல்வதை இதில் பின்பற்ற வேண்டாம். இவ்வளவு சிறிய சென்சாரில் சிறிய துளை வழியே வரும் ஒளி விளிம்பில் சிதறி, கூர்மையைக் குறைக்கத்தான் செய்யும்.

டிஜிட்டல் ஜூமை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பெட்டியின்மேல் 200 மடங்கு என்று எழுதியிருந்தால், அதில் லென்ஸ் தருவது 50, மீதி வெறும் பெரிதாக்கல்.

நிலாவுக்கு வெளிச்சக் கவலையே இல்லை. சூரிய ஒளி பட்ட பாறை அது, பகல்போல் ஒளிர்கிறது. ஐ.எஸ்.ஓ. 80, 1/200 நொடி வைத்துப் பாருங்கள். 1200 மில்லிமீட்டரில் நிலா சட்டத்தின் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிறையும். பௌர்ணமியைவிட, அதற்கு ஒரு வாரம் முன்போ பின்போ பாதி நிலாவாக இருக்கும்போது எடுங்கள். ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டில் குழிகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். வியாழன் கோளும் அதன் நான்கு பெரிய நிலாக்களும் வரிசையாகப் புள்ளி வைத்ததுபோல் தெரியும். ஆனால் மேலே ஏறிவிட்ட சூரியனை மட்டும் இந்த லென்ஸால் நோக்கவே கூடாது. கேமரா பாழாகிவிடும்.

தேவனாம்பட்டினத்துக்காரன் என்பதால் மாசி மகத்தைச் சொல்லாமல் விட முடியாது. அன்று பல ஊர்ச் சுவாமிகள் தீர்த்தவாரிக்காகத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து சேர்வார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போய் யாரையும் இடிக்காமல், பின்னால் மேட்டில் நின்றபடியே உற்சவரின் முகத்தையும் மாலையையும் அவ்வளவு கிட்டத்தில் எடுத்திருக்கிறேன். அந்தப் படங்களைத் தெருவில் எட்டு வீடுகளில் மாட்டியிருக்கிறார்கள்.

அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது முழங்கால் வலி, கரையோடு சரி. ஒரு காலை அரை கிலோமீட்டர் தள்ளி ஆலா என்னும் கடற்பறவைகள் கூட்டமாக விழுந்து எழுந்துகொண்டிருந்தன. வெறுங்கண்ணுக்கு வெள்ளைப் பொடிதான். ஜூமில் ஒவ்வொன்றும் தலைகீழாகப் பாய்வது தெரிந்தது. கேமராவை அவரிடம் கொடுத்தேன். திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மீன் மேலே வந்திருக்கிறது. படகு அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லையே" என்றார். அதிலிருந்து காலையில் நான் கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொள்கிறார்.

பராமரிப்பில் நான் கற்றது காசு கொடுத்துக் கற்றது. பலத்த காற்று அடித்த ஒருநாள் மணலில் உட்கார்ந்து ஜூமை நீட்டி நீட்டி மடக்கினேன். நீளும் குழாய்களுக்கு இடையே மணல் புகுந்து லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. முதலில் காட்டிய கடையில் திறக்காமலே கைவிரித்துவிட்டார்கள். இன்னொருவர் பொறுமையாகப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார். 1,800 ரூபாய் ஆயிற்று. இப்போது காற்றடிக்கும் நாளில் மணலில் இறங்குவதில்லை, சாலை ஓரத்திலிருந்தே எடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் உப்புப் படிவைச் சற்றே நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்துவிடுகிறேன். பீரோவில் துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம் போதும், லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும்.

எந்த மாடல்? 2015இல் வந்த நிக்கான் பி900இல் 83 மடங்கு, அதாவது 2000 மில்லிமீட்டர். 2018இல் வந்த பி1000இல் 125 மடங்கு, 3000 மில்லிமீட்டர், எடை 1.4 கிலோ. உங்கள் பணத்துக்கும் தோளுக்கும் 40 முதல் 60 மடங்கு போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் நீளும் ஜூமை நம் கடற்கரைக் காற்று ஆண்டில் சில காலைகளில்தான் பயன்படுத்த விடும்.

பழையதாக வாங்கினால், விற்பவர் வீட்டு வாசலிலேயே ஜூமைப் பத்து முறை நீட்டி மடக்கிக் காதால் கேளுங்கள். கரகரப்பு இருக்கக் கூடாது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை நூல் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் சொந்த மெமரி கார்டைப் போட்டு, இலை அடர்ந்த மரம் ஒன்றை முழு ஜூமில் எடுங்கள். அதைக் கணினியில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் அந்தக் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான்கும் ஒன்றுபோல் இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையே ஏரிக்குப் போங்கள்.