இருநூறு கேடயங்கள்

ஐயா,
பழைய ஏதென்ஸின் ஜனநாயகத்தை எங்கள் வகுப்பில் புகழ்ந்து தள்ளுகிறார்கள். பெண்களுக்கு வாக்கு இல்லை, அடிமைகளுக்கும் இல்லை. பதவிக்குக் குலுக்கலில் ஆள் எடுத்திருக்கிறார்கள். மொத்தமும் ஏமாற்று என்றே எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?
ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று அதே ஏதென்ஸில் வாழ்ந்த பேச்செழுத்தாளர் லிசியாஸின் நீதிமன்றப் பேச்சை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

குலுக்கலைக் கிண்டல் செய்யாதீர்கள். தேர்தல் வைத்தால் பணமும் குலப்பெருமையும் உள்ளவன் ஜெயிப்பான் என்று தெரிந்துதான், மக்கள் சபைக்குப் போகும் தீர்மானங்களை முதலில் பார்க்கிற 500 பேர் மன்றத்துக்குச் சீட்டு எடுத்தார்கள். அதை விடுங்கள்.

பெண்கள், அடிமைகள் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் ஏதோ புதையலைத் தோண்டி எடுத்ததுபோல எழுதுகிறீர்களே, அதுதான் எரிச்சல். ‘ஏமாற்று’ என்று ஒரே வார்த்தையில் மூடிவிட்டால் அப்புறம் எதையும் படிக்க வேண்டியதில்லை, சௌகரியம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் நானும் இப்படித்தான் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

உங்கள் பட்டியலில் ஒரு கூட்டமே விட்டுப்போயிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து ஏதென்ஸில் குடியேறிய மெட்டிக்குகள். ஆணுக்கு ஆண்டுக்கு 12 டிராக்மா (அந்தக் கால வெள்ளிக்காசு) தலைவரி. போர் வந்தால் படையில் சேரவேண்டும். வாக்கு கிடையாது. அவர்களுக்கு ஒரு குடிமகன் பொறுப்பேற்க வேண்டும். வளைகுடாவில் ‘கஃபீல்’ என்பார்களே, கிட்டத்தட்ட அது. என் அப்பா 19 வருடம் ஒரு கஃபீலின் கையெழுத்தில் வாழ்ந்தவர். விடுமுறையில் வந்தால் அங்கே தான் வேலை செய்த பாலத்தைப் பற்றி ‘நம்ம பாலம்’ என்றுதான் சொல்வார். லிசியாஸை வாசித்தால் அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

லிசியாஸும் ஒரு மெட்டிக். அவர் அப்பா கெபாலஸ், சிசிலித் தீவின் சிரக்யூஸ்காரர். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் அழைத்து ஏதென்ஸ் வந்தவர். முப்பது வருடத்தில் ஒரு வழக்கு வம்புக்குப் போனதில்லை என்கிறார் மகன். வரி கட்டினோம், விழாச் செலவுகளை ஏற்றோம், எதிரியிடம் சிக்கிய ஏதென்ஸ்காரர்களைப் பணம் கொடுத்து மீட்டோம் என்று அடுக்குகிறார். பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் நீதி என்றால் என்ன என்ற விவாதம் நடப்பது இந்தக் குடும்பத்து வீட்டில்தான். வாக்கில்லாதவன் வீட்டில்!

கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. முப்பது பேர் கும்பல் ஒன்று ஆட்சியைப் பிடித்தது. அவர்களுக்குப் பணம் வேண்டும். மெட்டிக்குகளில் பத்துப் பேரைப் பிடிப்பது, அதில் இரண்டு பேர் ஏழைகளாக இருக்கட்டும், பணத்துக்காகச் செய்ததுபோலத் தெரியாது என்று முடிவு. இந்த ‘இரண்டு பேர்’ இருக்கிறதே, இதைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. அந்த இரண்டு பேரும் யாரோ.

லிசியாஸ் பின்வாசல் வழியாகத் தப்பி, இரவோடு இரவாகப் பக்கத்து நகரமான மெகாராவுக்குப் படகேறினார். அண்ணன் பொலிமார்கஸைத் தெருவில் பிடித்துக் கொண்டுபோய், குற்றம் என்னவென்றுகூடச் சொல்லாமல் விஷம் குடிக்கச் சொன்னார்கள். அண்ணியின் காதில் கிடந்த தங்கத் தோட்டைப் பிடுங்கினார்கள். குடும்பத்துக்கு மூன்று வீடுகள் இருந்தும் ஒன்றிலிருந்தும் பிணத்தை எடுக்க விடவில்லை. ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். போர்த்தத் துணி ஒரு நண்பர் கொடுத்தார், தலையணை இன்னொருவர்.

ஜனநாயகத்தை மீட்கக் கிளம்பிய படைக்கு லிசியாஸ் 200 கேடயங்களும் 2,000 டிராக்மாவும் கொடுத்தார். ஜனநாயகம் திரும்பியது. படையை நடத்திய த்ராசிபுலஸ், இவருக்குக் குடியுரிமை தரவேண்டும் என்று முன்மொழிந்தார், மக்கள் சபையும் ஒப்புக்கொண்டது. அதே அணியில் நின்ற ஆர்கினஸ் வழக்குப் போட்டார்: 500 பேர் மன்றத்தின் வழியாகத் தீர்மானம் வரவில்லை, செல்லாது. அப்போது அந்த மன்றமே இல்லை ஐயா! ஆனாலும் ரத்து. பிறகு லிசியாஸ் பிழைத்தது குடிமக்களுக்கு நீதிமன்றப் பேச்சு எழுதிக்கொடுத்து.

நீங்கள் கேட்ட அடிமைகளுக்கு வருகிறேன். முப்பது பேர் கும்பல் தங்களிடமிருந்து அள்ளிக்கொண்டதை லிசியாஸ் அந்தப் பேச்சில் வரிசையாகச் சொல்கிறார். 700 கேடயங்கள், வெள்ளி, தங்கம், வெண்கலம், நகைகள், கட்டில் மேசைகள், பெண்களின் துணிமணி. அப்புறம், அதே மூச்சில், 120 அடிமைகள்.