ஊர் முழுக்க ஏன் அதே மஞ்சள் குதிரை?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். நோர்வேயில் நோர்ட்ஃபியோர்ட் பக்கம் வந்து எட்டு மாதம் என்கிறீர்கள். மகளோடு படிக்கிற பிள்ளையின் வீட்டில் புதிதாகக் குதிரை வாங்கியிருக்கிறார்கள். கையில் காசுள்ள குடும்பம், உயரமாக, மினுங்குகிற மாதிரி ஒன்றை வாங்கியிருக்கலாமே, ஏன் ஊர் முழுக்க நிற்கிற அதே கட்டை மஞ்சள் குதிரை என்று நீங்கள் கேட்க, அவர்கள் சிரித்துவிட்டார்களாம். இப்போது உங்கள் மகளை வாரத்தில் இரண்டு நாள் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்ள விடச் சொல்கிறார்கள். விடலாமா, அவர்கள் ஏன் சிரித்தார்கள், இதுதானே கேள்வி?

சிரிப்புக்குக் கோபிக்க வேண்டாம். நீங்கள் கேட்டது, யாழ்ப்பாணத்தில் ஒருவரின் வளவுக்குள் நின்றுகொண்டு ‘ஏன் பனை வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்ட மாதிரி. நானும் 1999இல் இதையே கேட்டேன். அப்போது நாங்கள் மோலொய்யில் இருந்தோம், இவருக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. பிறகு நோர்ட்ஃபியோர்டைட்டுக்கு வந்து எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தபோது, பக்கத்துக் காணியில் ஐந்து குதிரைகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல. ஒன்றையொன்று அடையாளம் பிடிக்கவே எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

அந்தக் குதிரைக்கு ஃபியோர்ட் குதிரை என்று பெயர். ஊர்க்காரர் ஃபியோர்டிங் என்பார்கள். நீங்கள் இருக்கிற இடம் அதன் சொந்த ஊர் என்றே சொல்லலாம். ஃபியோர்ட் குதிரைக்கான தேசிய மையம் நோர்ட்ஃபியோர்டைட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆண் குதிரைகளைக் கொண்டுவந்து நடத்திப் பார்த்து, எதை இனப்பெருக்கத்துக்கு விடலாம் என்று முடிவெடுக்கும் கண்காட்சியும் அங்கேதான். நம்மூரில் கோயில் கொடியேறினால் வெளியூர் போன சனம் எல்லாம் திரும்பி வருமே, அப்படி வருவார்கள்.

அடுத்த முறை வேலிப்பக்கம் போனால் ஒன்றைக் கிட்ட நின்று பாருங்கள். தோளுயரம் பெரும்பாலும் 135 முதல் 150 சென்டிமீட்டர் வரை. உடம்பு மங்கலான மஞ்சள் பழுப்பு. நெற்றி மயிரில் தொடங்கி முதுகெலும்பு நெடுக வால் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு ஓடும். சிலதுக்குக் காலில் வரிக்குதிரைக்கு இருப்பது போல மெல்லிய வரிகளும் இருக்கும். பிடரி மயிர்தான் விசேஷம். நடுவில் கறுப்பு, இரண்டு பக்கமும் வெள்ளை. அதை நீள விடாமல் கத்தரித்து நிமிர்த்தி வைப்பார்கள், வெளிப்பக்க வெள்ளையை நடுக் கறுப்பைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்டுவார்கள். அப்போது வளைந்த கழுத்தின் மேல் மை பூசிய கோடு மாதிரி அந்தக் கறுப்பு எழுந்து நிற்கும். பக்கத்துக் காணிக்காரப் பெரியவர் இதை வெட்டும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கு நுனியைப் பல்லில் கடித்தபடி, ஒரே மூச்சில் கத்தரிக்கோலை ஓட்டுவார். இடையில் யாரும் கதைக்கக் கூடாது. அவர் மனைவி சொல்வார், எங்கள் கல்யாணத்தன்று தன் தலையைக்கூட இந்த மனுசன் இவ்வளவு கவனமாகச் சீவவில்லை என்று.

சரி, ஏன் இதையே வாங்குகிறார்கள்?

முதல் காரணம் புல். இந்தப் பக்கத்தில் தட்டையான நிலம் குறைவு, தண்ணீருக்கும் மலைக்கும் நடுவே ஒரு கீற்றுத்தான். குளிர்காலம் நீளம், மழை ஓயாது. பழைய காலத்துச் சின்னக் கமக்காரனுக்குத் தேவைப்பட்டது உழவும், மரம் இழுக்கவும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வண்டி கட்டவும் உதவுகிற ஒரே மிருகம். அதுவும் கொஞ்சத் தீனியில் உயிர் பிழைக்க வேண்டும். செங்குத்தான சரிவில் குளம்பை நிதானமாக வைத்து இறங்க வேண்டும். இத்தனையும் சேர்ந்த உடம்புதான் இது. இங்கே இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ‘நொய்சொம்’. இருப்பதை வைத்துச் சமாளிக்கிற குணம். குதிரைக்கும் சொல்வார்கள், மனிதருக்கும் சொல்வார்கள். மனிதருக்குச் சொன்னால் அது பெரிய பாராட்டு. உங்கள் அயலவரின் சிரிப்புக்குள் இந்தச் சொல் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

என் அம்மா நெடுந்தீவு. அதனால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழிவந்தவை அங்கே இன்னும் வெளியில் திரிகின்றன, கட்டையாய், எலும்பு தெரிய. மழை பொய்த்த வருடங்களில் தண்ணீரில்லாமல் செத்தும் போகின்றன. முருகைக்கல் வேலியோரம் முள்ளுப் பற்றைக்குள் வாயை விட்டு எதையோ தேடிக் கடிக்கிற அந்த மட்டக்குதிரையையும், இங்கே பனிக்குள் மூக்கை விட்டுப் புல் தேடுகிற இந்தக் குதிரையையும் பார்த்தால் ஒன்றுவிட்ட சகோதரங்கள் மாதிரி இருக்கும். இரத்த உறவு ஒன்றும் கிடையாது, எனக்குத் தோன்றுவது அப்படி. ஒரு வித்தியாசம், நெடுந்தீவுக் குதிரையை யாரும் பதிவேட்டில் எழுதி வைக்கவில்லை. இங்கே ஒவ்வொரு குட்டிக்கும் ஏழு தலைமுறைக்குச் சாதகம் இருக்கும்.

அந்தப் பதிவேட்டுக்குப் பின்னால் ஒரு சண்டையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், குதிரை இன்னும் பெரிதாக, பாரமாக இருந்தால் நல்லது என்று சிலர் குட்ப்ரன்ஸ்டாலன் என்ற உள்நாட்டுப் பள்ளத்தாக்கின் டோல குதிரையோடு இதைக் கலந்தார்கள். உருவம் பெருத்தது. ஆனால் அடுத்த தலைமுறைகளில் நிறம் குழம்பியது, குணமும் மாறியது. ரிம்ஃபாக்ஸ என்ற ஒரு கலப்புக் குதிரையை வைத்துப் பெரிய சண்டையே நடந்து, கடைசியில் கலப்பு இரத்தத்தை ஒதுக்குவதென்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவெடுத்தார்கள். அந்தத் திருப்பத்தில் கைகொடுத்தது 1891இல் பிறந்த நியோல் என்ற ஆண் குதிரை. இன்றைக்கு உலகத்தில் எங்கே ஃபியோர்ட் குதிரை நின்றாலும் அதன் மூதாதை வரிசையில் நியோல் இருக்கும். இந்தக் கதையை இந்த ஊரில் நேற்று நடந்த மாதிரிச் சொல்வார்கள். முதியோர் இல்லத்தில் தன் மகனின் பெயரை மறந்துபோன ஒரு தாத்தா, நியோலின் பெயரை மறக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உழவு இயந்திரம் வந்தது, குதிரைக்கு வேலை போனது, எண்ணிக்கை விழுந்தது. இன்றைக்கும் இது நோர்வேயில் அருகிவரும் நாட்டினங்களில் ஒன்று. டோல குதிரையும், வடக்கே இருக்கிற சின்ன லிங்ஸ் குதிரையும் அதே பட்டியலில்தான். அதனால் ஃபியோர்டிங் வாங்குகிற சிலருக்கு அது ஒரு கடமை மாதிரியும். வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள், இந்த ஊர்ச் சனம் எதைத்தான் வாய் விட்டுச் சொல்லியிருக்கிறது?

ஆனால் உங்கள் அயலவர் அந்தக் கடமைக்காக மட்டும் வாங்கியிருக்க மாட்டார்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை, தாய்க்கும் ஏறி ஓட ஆசை. உயரம் ஒரு சின்னக் குதிரையினுடையது, முதுகோ பெரிய ஆளைத் தாங்கும். ஒரு குதிரை வாங்கினால் இரண்டு பேருக்கு ஆயிற்று. குணமும் அமைதி. ஊனமுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சையாகக் குதிரையேற்றம் கொடுக்கிற இடங்களில் இதை நிறையப் பார்க்கலாம். பிள்ளை திடீரென்று கத்தினாலும் காதை ஒரு தரம் திருப்பிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். பெரும்பாலும் என்று சொல்ல வேண்டும். பிடிவாதம் பிடித்தால் அசைக்க முடியாது, புல்லைக் கண்டால் கயிற்றோடு உங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

நீங்கள் சொல்கிற உயரமான, மினுங்குகிற குதிரை வேறு உலகம். பாய்ச்சல் போட்டிக்கும் அலங்கார நடைக்கும் வளர்த்தெடுத்த இனங்கள் அவை, போட்டிக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். மெல்லிய தோல், குளிருக்கும் மழைக்கும் போர்வை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளரங்கு வேண்டும், பயிற்றுநர் வேண்டும். ஃபியோர்டிங்கோ ஒரு கொட்டிலும் காய்ந்த தரையும் கொடுத்தால் பனி முதுகில் உருகாமல் கிடக்க வெளியில் நிற்கும். முதல் குளிர்காலத்தில் அப்படி நின்றதைப் பார்த்து நான் பதறிப் போய்ப் பெரியவரைக் கூப்பிட்டேன். பனி உருகாமல் கிடந்தால் உள்ளே சூடு வெளியேறவில்லை என்று அர்த்தம், போய்ப் படு என்றார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, ஐஸ்லாந்துக் குதிரை. உங்கள் பக்கத்திலும் பார்த்திருப்பீர்கள், பிடரி கண்ணை மறைக்கத் தொங்கும். பெரும்பாலான குதிரைகளிடம் காணாத ‘டொல்ட்’ என்ற நடை அதற்கு உண்டு. கையில் நிறைந்த கோப்பையோடு ஏறினாலும் சிந்தாது என்பார்கள். அதில் ஒரு முறை போனவர்கள் வேறு குதிரையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஐஸ்லாந்தில் பிறந்து இங்கே வந்த குதிரைகளில் பலவற்றுக்குக் கோடையில் சின்ன ஈக்கள் கடித்துத் தோல் ஒவ்வாமை வரும். மரத்தில் உரசி உரசிப் பிடரியும் வாலும் புண்ணாகிவிடும். நம் பக்கத்தில் அந்த ஈக்குக் குறைவேயில்லை. ஒரு கவலையான விஷயம், ஐஸ்லாந்தை விட்டு ஒரு முறை வெளியேறிய குதிரை திரும்பிப் போக முடியாது. நோய் பரவும் என்று சட்டம். இதைக் கேட்ட அன்று நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நொய்சொம் என்று புகழ்ந்தேனே, அதுதான் இந்தக் குதிரைக்கு எமன். கொஞ்சத் தீனியில் வாழப் பழகிய உடம்புக்கு இன்றைய கொழுத்த புல் நஞ்சு. வசந்தத்துப் பச்சைப் புல்லில் அளவுக்கு மேல் மேய்ந்தால் கால் குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போகும், சில வேளை கொல்ல வேண்டியும் வரும். அதனால்தான் நல்ல மேய்ச்சல் நிலம் பக்கத்தில் கிடக்க, அவர்கள் குதிரையைப் புல்லில்லாத மண் முற்றத்தில் அடைத்து வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். கொடுமை செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், மீந்த பாணையும் அப்பிளையும் ஒரு வாரம் வேலிக்கு மேலால் ஊட்டினேன். எட்டாம் நாள் அதன் நிலையைக் கண்டேன். முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னுக்குப் போட்டு, சூடான தரையில் நிற்கிற மாதிரி. பெரியவர் குனிந்து குளம்பில் கையை வைத்துப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கொதித்தது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குதிரை பிழைத்தது, இரண்டு மாதம் எடுத்தது.

அதற்குப் பிறகுதான் அவர் எனக்குத் தீனி நிறுக்கக் காட்டித் தந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றி வயலில் கிடக்கிற உருண்டைகளை ஆளுயரத்துக்குப் பார்த்திருப்பீர்கள், இங்கே பகிடியாக உழவு இயந்திரத்தின் முட்டை என்பார்கள். அதற்குள் இருப்பது புல். அதை வலைப் பையில் போட்டு, கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார்கள். 450 கிலோக் குதிரைக்கு நாளொன்றுக்குக் காய்ந்த புல் ஏழு கிலோ போதும், ஈரப்புல் என்றால் கொஞ்சம் கூட. மோலொய்யில் இவர் மீன் நிறுத்த அதே மாதிரித் தராசு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஆகவே மகளை விடலாம், தாராளமாக விடுங்கள். இது இங்கே வழக்கமான ஏற்பாடு, செலவையும் வேலையையும் இரண்டு குடும்பம் பங்கிட்டுக்கொள்வது. எந்த நாள், யார் எதற்குக் காசு கொடுப்பது, பிள்ளை விழுந்தால் யாருடைய காப்புறுதி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள், கேட்காவிட்டால்தான் யோசிப்பார்கள். தலைக்கவசம் புதிதாகவே வாங்குங்கள், பழையது ஒரு முறை விழுந்ததா என்று வெளியில் தெரியாது. நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், ஒளிரும் அங்கி பிள்ளைக்கு ஒன்று, குதிரைக்கும் ஒன்று. முதல் மாதம் ஏற விடமாட்டார்கள், சாணி அள்ளவும் குளம்பு துப்புரவாக்கவும்தான் விடுவார்கள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள், கண்டுகொள்ளாதீர்கள். என் மகள் இந்த ஊர்ப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அந்தக் கொட்டிலில்தான் படித்தாள். இன்றைக்கும் ஒஸ்லோவில் அவள் வாயைத் திறந்தால் நோர்ட்ஃபியோர்ட்டா என்று கேட்கிறார்களாம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். கொட்டிலுக்குப் போட்ட உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்து இயந்திரத்தில் போடாதீர்கள், வெளியில் நன்றாக உதறிவிட்டுத் தனியாகத் தோயுங்கள். வசந்தத்தில் குளிர்கால முடி முழுவதும் கொட்டும். நான் பழுதுபார்க்க ஆள் கூப்பிட்ட அன்று, வடிகட்டியைத் திறந்து ஒரு கைப்பிடி மஞ்சள் மயிரை வெளியே இழுத்தவர், என்னைப் பார்த்து, ‘ஃபியோர்டிங்தானே?’ என்றார்.